கடைசி நிமிடப் பிடி

நாட்டுக்காக நான் மூன்று ஆட்டம் ஆடியிருக்கிறேன். மூன்றாவதில் அணியைத் தோற்கடித்ததும் நான்தான். இதை இவ்வளவு நேராகச் சொல்ல எனக்கு ஆறு மாதம் ஆயிற்று.

பள்ளியில் நான் கபடிக்காரி. எதிராளியின் கணுக்கால் கையில் சிக்கினால் விசில் ஊதும்வரை விடமாட்டேன். அப்பா கரும்பு வெட்ட வரும் ஆட்களிடம்கூட, "எம் பொண்ணு புடிச்சா வுடமாட்டா" என்று சொல்லிக்கொண்டிருப்பார். கேட்கக் கூச்சமாக இருக்கும். ஒருநாள் சொல்லாவிட்டால் ஏக்கமாகவும் இருக்கும்.

கல்லூரியில் படித்தபோது ரக்பி லீக் அணிக்கு ஆள் தேடி வந்தவர்கள், பிடிக்கத் தெரிந்த பெண்கள் வேண்டும் என்று கபடி அணியிலிருந்து மூன்று பேரை அள்ளிக்கொண்டு போனார்கள். முட்டை வடிவப் பந்து, பக்கத்துக்குப் பதின்மூன்று பேர். பந்தோடு ஓடிவருகிறவளைப் பிடித்துச் சாய்க்க வேண்டும். அதுவரை கபடி மாதிரிதான். ஆனால் சாய்த்த உடனே விட்டுவிட வேண்டும். அவள் எழுந்து ஆட்டத்தைத் தொடர்வாள். விடச் சொல்லிப் பயிற்சியாளர் தொண்டை வறளக் கத்துவார். எனக்குப் புரியாமல் இல்லை. பாழாய்ப்போன கைதான் கேட்கவில்லை.

அந்த மூன்றாவது ஆட்டம் வெளிநாட்டில். இரண்டு பக்கமும் சம புள்ளி, ஒரு நிமிடம் பாக்கி. எங்கள் கோல் கம்பத்துக்கு எதிரே வந்தவளைச் சாய்த்தேன். நல்ல பிடி. நடுவர் விடச் சொல்லிக் கத்தியது காதில் விழுந்தது. நான் விடவில்லை. அவர்களுக்குப் பெனால்டி கொடுத்தார். பந்தைக் கம்பத்துக்கு நடுவே உதைத்து, இரண்டு புள்ளியில் ஜெயித்துவிட்டார்கள். அடுத்த அணிப் பட்டியலில் என் பெயர் இல்லை.

அப்பா அந்த ஆட்டத்தை ஒதியம்பட்டு பஸ் ஸ்டாப் டீக்கடையில் பத்துப் பேரைச் சேர்த்துக்கொண்டு போனில் பார்த்திருந்தார்.

"இன்னா புடி புடிச்ச! அவளால அசையவே முடியல. அம்பயர்தான் ஏமாத்திட்டான்டி."

நான் மறுக்கவில்லை. தோற்று வந்தவளுக்கு அது இதமாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

அவர் அதோடு நிற்கவில்லை. ஒரு மாலை, முழுநீளத் தாளில் மனு எழுதிக்கொண்டு வந்தார். மகளுக்கு அநியாயம் நடந்துவிட்டது, திரும்ப அணியில் சேர்க்க வேண்டும் என்று. கீழே டீக்கடைக்காரர் தொடங்கி நாற்பது கையெழுத்து. மறுநாள் எம்.எல்.ஏ.விடம் கொடுக்க ஏற்பாடு.

"நீயும் வா. அந்த இந்தியா பனியனப் போட்டுக்க."

விவரம் தெரிந்த ஒருவர் அந்த வீடியோவைப் பார்த்தால் போதும், அத்தனை பேர் முன்னால் அப்பாவைப் பார்த்துச் சிரிப்பார்கள்.

"அப்பா, அம்பயர் ஏமாத்தல. நான்தான் வுடாம புடிச்சிக்கினு இருந்தேன். அது தப்பு."

"புடிச்சத வுட்டுடணுமா? இன்னா ஆட்டம்டி அது?"

போனில் போட்டுக் காட்டினேன். மூன்று தடவை பார்த்தார். மூன்றாவது தடவை, நடுவர் வாயைத் திறந்து கத்துகிற இடத்தில் அவரே விரலால் தொட்டு நிறுத்தினார். அந்தப் பெண்ணின் இடுப்பைச் சுற்றி என் கை இருந்தது.

"மொதல்லயே ஏன் சொல்லல?"

போனை வாங்கி அணைத்தேன்.

"நாப்பது பேரு கையெழுத்து போட்டானுங்க. அவனுங்ககிட்ட நான் இன்னாடி சொல்லுவேன்?"

மனுவை மடித்து ரேஷன் கார்டு வைக்கும் பையில் வைத்தார். கிழித்துப் போட்டிருந்தால் தேவலை.

அதன்பிறகு அவர் "எம் பொண்ணு" என்று யாரிடமும் ஆரம்பித்து நான் கேட்கவில்லை. வில்லியனூர் மார்க்கெட்டுக்குப் போக வேண்டுமென்றால் டீக்கடை எதிரே பஸ் ஏறுவதில்லை. முட்டிவலியோடு வயல் வரப்பில் நடந்து அடுத்த ஸ்டாப்பில் ஏறுகிறார். பேசாமல் நடுவரே ஏமாற்றியதாக இருந்திருக்கலாம் என்று எனக்குப் பலமுறை தோன்றியிருக்கிறது.

போன வாரம் அவர் மார்க்கெட்டுக்குக் கிளம்பியபோது, மனசு கேட்காமல் வாசலிலேயே ஸ்கூட்டரை நிறுத்தி, "ஏறுப்பா" என்றேன். ஏறினார். டீக்கடை கண்ணில் பட்டதும் என் தோளைத் தொட்டார்.

"சுத்திக்கினு போம்மா."

வண்டியைத் திருப்பினேன். தோற்ற அன்று மைதானத்தில் அழாதவள், அன்றைக்கு மூலக்குளம் வரை ஹெல்மெட்டுக்குள் அழுதுகொண்டே சுற்றிப் போனேன்.