கடைமடைக்குக் கேட்ட தண்ணீர்

பதினாறு வருஷமாக ஆற்றில் கயாக் டிரிப் நடத்துகிறீர்கள், புதிதாகச் சேர்ந்த நாலு பேருக்கும் ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று முதலாளி நச்சரித்துக்கொண்டே இருந்தார். துடுப்பை எப்படிப் பிடிப்பது, சாமான்களை எப்படிக் கட்டுவது என்று எழுதினால் அவருக்குச் சந்தோஷம். அதையும் எழுதுகிறேன். ஆனால் நான் லீட் செய்த டிரிப்பில் ஒருவன் செத்துப்போனான். செல்வராசு. எனக்கு மாப்பிள்ளை முறை, என்னை மாமா என்பான், பத்து வருஷம் என்னோடு படகு விட்டவன். அதை மறைத்துவிட்டுத் துடுப்பைப் பற்றி மட்டும் எழுதினால் நான் மனுஷனே இல்லை.

எந்த ஆறு, தண்ணீரைத் தடுத்துத் திறந்துவிடும் எந்த ரெகுலேட்டர் என்று சொல்ல மாட்டேன். அங்கே ஷட்டரை ஏற்றி இறக்கும் லஸ்கருக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது. தஞ்சாவூர்ப் பக்கம் பாபநாசத்துக்குக் கிழக்கே என்று வைத்துக்கொள்ளுங்கள், போதும்.

1. ஜாக்கெட்

என் முதல் டிரிப்பில் கும்பகோணத்து ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் லைஃப் ஜாக்கெட்டை மடித்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.

"எனக்கு நீச்சல் தெரியும் தம்பி. சின்னப் புள்ளையிலேர்ந்து கெணத்துல குதிச்சவன் நான்."

"கெணத்துத் தண்ணி நிக்கும் சார், இது ஓடும். மாட்டுனா வாங்க. இல்லன்னா கரையிலயே உக்காந்து டிபன் சாப்பிடுங்க, திரும்பி வந்து கூட்டிக்கிட்டுப் போறேன்."

கோபித்துக்கொண்டார். மாட்டினார். இன்றைக்கும் அதே பதில்தான் சொல்லுங்கள், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும்.

மாட்டிய பிறகு தோள்பட்டை இரண்டையும் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். ஜாக்கெட் காது வரை வந்தால் பெல்ட் தொளதொளவென்று இருக்கிறது, இறுக்குங்கள். மொட்டை மாடி வெயிலில் காயப் போடாதீர்கள், உள்ளே இருக்கும் ஃபோம் செத்துவிடும். கத்தி உங்கள் நெஞ்சில் இருக்க வேண்டும், பையில் இல்லை. தண்ணீரில் மாட்டியவருக்கு வீசும் கயிற்றுப் பை காலடியில், கட்டாமல். மற்ற எல்லாவற்றையும் கட்டுங்கள். படகு கவிழ்ந்தால் டிபன் பாக்ஸ் போனாலும் பரவாயில்லை, தளர்ந்து கிடக்கும் கயிறு காலைச் சுற்றக் கூடாது.

2. அடைப்பு

நம் ஆறுகள் தானாக ஓடுவதில்லை. சம்பா பருவத்தில் தண்ணீர் குறைந்தால் முறை வைப்பார்கள். இத்தனை நாள் இந்த ஆற்றுக்கு, அப்புறம் அடைத்துவிட்டு அடுத்த ஆற்றுக்கு. அடைப்பு நாளில் ஆறு குளம் மாதிரி நிற்கும், இடுப்பளவு, தெளிவாக. முதல் தடவை துடுப்பு பிடிப்பவர்களை நாம் அழைத்துப் போவது அந்த நாட்களில்தான். தண்ணீர் வரும் நாளில் அவர்களை இறக்கவே கூடாது. கரையிலிருந்து சாய்ந்து கிடக்கிற மூங்கில் புதர்தான் நம் ஆற்றில் எமன். நின்ற தண்ணீரில் அதை ஒட்டிப் போகலாம். ஓடுகிற தண்ணீரில் அது ஆளை வடிகட்டிப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் போய்விடும், ஆள் நிற்பான்.

அதனால் லஸ்கரோடு நல்ல பழக்கம் வேண்டும். டிரிப் தேதியை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். ஷட்டர் தூக்கினால் முதலில் வைக்கோலும் நுரையும் கோடாக மிதந்து வரும், அப்புறம் நிறம் மாறும், கரையோரக் கோரைப்புல் ஒரு பக்கமாகச் சாயும். கோரை சாய்ந்துவிட்டால் யோசிக்க நேரம் கிடையாது, விசிலடித்து எல்லாரையும் கரையேற்றுங்கள்.

இவ்வளவும் எனக்குத் தெரியும். எனக்குத் தெரிந்ததெல்லாம் செல்வராசுவுக்கும் தெரியும்.

3. வெள்ளிக்கிழமை ஃபோன்

எனக்கும் அவனுக்கும் கீழ்வேளூர் பக்கம் அடுத்தடுத்து ஆளுக்கு நாலு மா, ஒரு ஏக்கர் சொச்சம் நிலம். இதே ஆற்றுத் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம், கடைமடை. அந்த வருஷம் சம்பா நட்டு இருபது நாள் இருக்கும். மேலே அடைப்பு, மழையும் ஏமாற்றிவிட்டது. வயல் வெடித்து, வெடிப்பில் கை உள்ளே போனது. கதிர் முற்றிய பயிர் காய்ந்தால்கூட ஏதோ தேறும். இருபது நாள் பயிர் காய்ந்தால் வருஷமே போச்சு.

ஞாயிற்றுக்கிழமை ஒரு டிரிப் இருந்தது. லஸ்கரிடம் புதன்கிழமையே சொல்லிவிட்டேன். வெள்ளிக்கிழமை மத்தியானம் முதலாளி கூப்பிட்டார்.

"அந்த பார்ட்டி நாளைக்கே வர்றாங்கப்பா. ஞாயிறு அவங்களுக்கு ட்ரெயினாம். முடியும்ல?"

"முடியும் சார். அடைப்புதான்."

செல்வராசுவுக்குத் தகவல் சொன்னேன். அப்புறம் தேதி மாறியதைச் சொல்ல லஸ்கருக்கு ஃபோன் போட்டேன். சத்தியமாக அதற்காகத்தான் போட்டேன். அவர் எடுத்தவுடன் கேட்டது, "என்னண்ணே, ஊர்ல பயிரெல்லாம் எப்படி இருக்கு?"

அவ்வளவுதான், என் வாய் திறந்துகொண்டது.

"என்னத்தச் சொல்றது தம்பி. கருக ஆரம்பிச்சிருச்சு. அடைப்பு முடியுறவரைக்கும் தாங்காது. ஒரே ஒரு நாள் ஷட்டரைத் தூக்கி விட்டீங்கன்னா எங்க கடைமடை பொழச்சிக்கும்."

"மொறை இல்லாம தூக்குனா எங்க இன்ஜினியரு என் தோலை உரிச்சிருவாருண்ணே."

"உங்களுக்குத் தெரியாத வழியா தம்பி? புள்ளகுட்டிக்காரங்க நாங்க."

"பார்ப்போம்ண்ணே. உறுதி சொல்ல முடியாது."

அரை மணி நேரம் பேசினேன். வயல், வட்டி, விதை நெல், எல்லாம் பேசினேன். நாளைக்கு ஆற்றில் இறங்குகிறோம் என்பது என் வாயில் வரவே இல்லை. ஃபோனை வைத்தபோது லஸ்கரிடம் பேசியாகிவிட்டது என்ற திருப்திதான் இருந்தது.

4. மூங்கில்

சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு இறங்கினோம். விருந்தாளிகள் ஆறு பேர், ஆளுக்கு ஒரு கயாக். நான் முன்னால், செல்வராசு கடைசிப் படகில். ஒன்பது மணி வாக்கில் என் படகை உரசிக்கொண்டு வைக்கோல் போனது. பின்னாலேயே நுரை.

எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். 'அட, தூக்கிட்டாருய்யா மனுஷன்!' என்று மனசு துள்ளியது. பயிர் பிழைத்தது என்று நினைத்தேன். அப்புறம்தான் நான் எங்கே உட்கார்ந்திருக்கிறேன் என்று உறைத்தது.

விசிலடித்தேன். "இடது கரைக்கு! எல்லாரும் இடது கரைக்கு!" ஐந்து பேர் ஒதுங்கிவிட்டார்கள். ஆறாவது ஒரு பேங்க் ஆபீசரம்மா. பயத்தில் துடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். படகு குறுக்கே திரும்பி, எனக்குப் பின்னால் வளைவில் சாய்ந்து கிடந்த மூங்கிலில் போய் அப்பிக்கொண்டது.

மூங்கிலில் மாட்டியவரை மேற்புறமிருந்து, அதாவது தண்ணீர் வரும் பக்கமிருந்து, நெருங்கக் கூடாது. கரையேறி, கீழ்ப்புறம் வந்து, கயிறு வீச வேண்டும். இதை விருந்தாளிகளுக்குச் செய்து காட்டுவதே செல்வராசுதான். ஆனால் அந்த அம்மாவின் மோவாய் வரை தண்ணீர் வந்துவிட்டது. அவன் மேற்புறமிருந்தே குதித்துவிட்டான்.

நான் கீழே இருநூறு அடி தள்ளி இருந்தேன். எதிர்த்துத் துடுப்புப் போட முடியவில்லை. கரையேறி ஓடினேன், கருவேல முள் காலைக் கிழித்தது. அவன் குரல் மட்டும் கேட்டது. "புடிச்சிக்குங்கம்மா... விட்றாதீங்க... மேல ஏறுங்க." அவரைத் தோளால் முட்டி மூங்கில் மேல் ஏற்றிவிட்டான், அவர் பிழைத்துக்கொண்டார். ஏற்றிய வேகத்தில் அவன் கீழே போனான். ஒடிந்த மூங்கில் முனை ஒன்று அவன் ஜாக்கெட்டின் தோள் பெல்ட்டுக்குள் நுழைந்துவிட்டது. தண்ணீர் ஏறிக்கொண்டே இருந்தது.

நான் கத்தியால் அந்த பெல்ட்டை அறுத்து அவனை வெளியே எடுத்தபோது உடம்பில் அசைவில்லை. நூற்றெட்டு ஆம்புலன்ஸ் வரும் வரை நெஞ்சை அமுக்கினேன். வந்தவர்கள் என் கையைப் பிடித்து நிறுத்தினார்கள்.

லஸ்கரை ஃபோனில் கூப்பிட்டேன். "ஷட்டரை எறக்குங்க தம்பி, செல்வராசு போய்ட்டான்" என்றேன்.

"அய்யோ! நாளைக்குத்தானேண்ணே நீங்க எறங்குறதாச் சொன்னீங்க? அதுக்கு முன்னாடி விட்டு மூடிறலாம்னுதான் இன்னைக்கே தூக்குனேன். அவ்வளவு கேட்டீங்களேண்ணே..."

அதற்குப் பிறகு அவர் அழுததுதான் கேட்டது. விசாரணையில் தண்ணீர் திடீரென்று வந்துவிட்டது என்று எழுதிக்கொண்டார்கள். நான் கேட்டு வந்த தண்ணீர் என்று நான் சொல்லவில்லை. கேட்டதால்தான் விட்டேன் என்று அவரும் சொல்லவில்லை. அதன்பின் நாங்கள் பேசிக்கொண்டதும் இல்லை.

5. இந்திரா

பயிர் பிழைத்துவிட்டது. என்னுடையதும், அவனுடையதும். தை மாதம் அவன் வயலில் அறுப்பு மெஷின் இறங்கியபோது நானும் வரப்பில் நின்றேன். நெல் கொட்டிக்கொண்டே இருந்தது. இனி மறைக்க முடியாது என்று அன்று சாயங்காலமே அவன் மனைவி இந்திராவிடம் போய் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். தேதி மாறியது, நான் ஃபோன் போட்டது, பயிரைப் பற்றியே பேசிவிட்டு வைத்தது. அடிக்கட்டும், காறித் துப்பட்டும் என்றுதான் போயிருந்தேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"அண்ணே, அந்த வெள்ளிக்கெழம சாயந்தரம் அவரும் லஸ்கருக்குப் பேசுனாரு."

"அவனுமா?" என்றேன்.

"வேணாம், மாமா சொல்லியிருப்பாருன்னுதான் சொன்னாரு. நான்தான் விடல. பயிரு கருகுதே, நீங்களும் ஒரு வார்த்தை கேளுங்கன்னு நம்பரைப் போட்டு நானே கையில குடுத்தேன். பக்கத்துலயே நின்னேன்."

"நாளைக்கு ஆத்துல எறங்குறோம்னு அவன் சொல்லலையாம்மா?"

"சொல்லல. அதை நீங்க சொல்லியிருப்பீங்கன்னு நெனச்சிருப்பாரு."

இரண்டு பேரும் உட்கார்ந்து அழுதோம். யாருக்கு யார் ஆறுதல் சொல்வது?

தம்பிகளா, நீங்கள் நாலு பேரும் டெல்டாக்காரர்கள். மூன்று பேருக்கு நிலம் இருக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டேன். லஸ்கருக்கு ஃபோன் போட்டால் உங்கள் வாயிலும் பயிர்தான் முதலில் வரும். அதை அடக்குங்கள். அவர் எடுத்தவுடன், நலம் விசாரிப்பதற்கும் முன்னால், "நாளைக்கு நாங்க ஆத்துல இருக்கோம்" என்று சொல்லுங்கள். அவரைத் திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். காலையில் படகை இறக்கும் முன் இன்னொரு தடவை பேசுங்கள். கூட வருகிறவன் சொல்லியிருப்பான் என்று மட்டும் இருந்துவிடாதீர்கள். அவனும் உங்களை நம்பித்தான் ஆற்றில் இறங்குகிறான்.