உவர்மலை ஏற்றத்தில் சீலன் அண்ணை

கிட்டங்கியில் மூட்டை ஏற்றிய லொறியை அனுப்பிக்கொண்டிருந்தபோது அழைப்பு வந்தது. எங்களோடு காலையில் ஓடும் ரஜனி. "அக்கா, சீலன் அண்ணை உவர்மலை ஏத்தத்தில விழுந்திட்டார்" என்றாள். "எழும்பிட்டாரோ?" என்று கேட்டேன். அவள் அழுதாள். அன்று எங்களுக்கு ஓட்டத்துக்கு ஓய்வு நாள். மனிசன் தனியே ஓடப் போயிருக்கிறார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் முன்பே எல்லாம் முடிந்துவிட்டது.

அவரை அறிந்தவர்களுக்கு நான் என்ன புதிதாகச் சொல்ல? எங்கள் கிட்டங்கியின் மேற்பார்வையாளர். சிரித்தால் இறங்குதுறை வரை கேட்கும். எதையும் அளவாகச் செய்யத் தெரியாது. பாயாசம் என்றால் சட்டியோடு வேண்டும். சீனி வருத்தம் வந்து, டொக்டர் ஓடிப் பழகச் சொன்னபோதும் அதே குணம்தான்.

டொக்டர் சொன்னது கிழமைக்கு இரண்டு நாள், நடையும் ஓட்டமுமாக. உடம்பு பழகி, நோவு ஒன்றும் இல்லையென்றால் மூன்றாவது நாளைச் சேர்க்கலாம். ஓடிய நாளுக்கு மறுநாள் கட்டாயம் ஓய்வு. கடற்கரை வீதியில் நாங்கள் ஆறேழு பேர் அப்படித்தான் தொடங்கினோம். அண்ணையும் முதலில் ஒழுங்காகத்தான் இருந்தார். அடுத்த பரிசோதனையில் சீனி இறங்கியதும் பிடித்தது சனியன். நாள் தவறாமல் ஓடத் தொடங்கினார். கேட்டால், "நான் ஓய்வெடுத்தால் சீனியும் ஓய்வெடுக்குமோ, பிள்ளை?" என்று என்னை மடக்குவார்.

பிறகு முழங்காலுக்குக் கீழே எலும்பு நொந்தது. நல்லெண்ணெய் பூசி, துணி சுற்றிக்கொண்டு வந்தார். ஒருநாள், ஊருக்குள் திரியும் மான்கள் படுத்திருந்த புல்வெளியோரம் நின்று நெஞ்சைத் தடவினார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"என்ன அண்ணை?"

"வாய்வு. இரவு மரவள்ளி சாப்பிட்டனான்."

"வாய்வுமில்லை, மண்ணாங்கட்டியுமில்லை. இப்பவே டொக்டரிட்டப் போங்கோ!" என்று வீதியென்றும் பாராமல் கத்தினேன்.

"ஓம் ஓம், திங்கட்கிழமை போறன். கத்தாதையும்."

கடையில் இஞ்சிச் சோடா ஒன்று வாங்கிக் குடித்துவிட்டு மறுபடி ஓடினார். திங்கட்கிழமை அவருடைய செத்தவீடு.

இப்போது நடப்பதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. முப்பத்தோராம் நாள் சடங்கு வரைக்கும் அவர் நினைவாகத் தினமும் ஓடுவோம் என்று எங்கள் பெடியள் முடிவெடுத்து, அவருடைய படம் போட்ட சட்டையும் அடித்துவிட்டார்கள். அவர்களுக்கு முன்னால் ஓடுவது யார் தெரியுமா? அண்ணையின் மனைவி சுலோ அக்கா. பஸ்ஸுக்குக்கூட ஓடியறியாத மனிசி, பிரஷருக்குக் குளிசை போடுகிறவர். நேற்று ஒரு காலை இழுத்து இழுத்து ஓடினார். பெடியள் கைதட்டினார்கள். பாவியள்!

வீட்டு வாசல் படலையடியில் அவரை மறித்தேன். "அக்கா, முதலில டொக்டரிட்டக் காட்டுங்கோ. பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் நடவுங்கோ, காணும். தினமும் ஓட உங்கட உடம்புக்கு ஏலாது."

அவர் என்னை நேராகப் பார்த்தார். "ஓடாத நாளில நான் என்ன பிள்ளை செய்யிறது? எட்டாம் நாள் எட்டுச்செலவுப் படையலோட எல்லாரும் போயிட்டினம். விடியக்காலமை மட்டும்தான் இந்த வாசலுக்கு ஆள் வருது."



அண்ணையை நேசித்தவர்களே, அந்தச் சட்டைகளை மடித்து வையுங்கள். பகலில் அந்த வீட்டுக்குப் போய்த் தேத்தண்ணி கேளுங்கள். அக்காவைக் கதிரையில் இருத்திக் கதை கொடுங்கள். அண்ணையின் சிரிப்பை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். அவர் எடுக்காமல் விட்டுப்போன ஓய்வு நாட்களை நான் வைத்துக்கொள்கிறேன். நாளை அப்படியொரு நாள். விடிய முன்பே போய் அந்தப் படலைக்குக் குறுக்கே குந்தியிருக்கப் போகிறேன். அக்கா சப்பாத்துக் கட்டிக்கொண்டுதான் வருவார். என்னைத் தாண்டிப் போகட்டும் பார்ப்போம்.