காயாத சட்டைகள்

டர்பன்டைன் வாடையும் ரயில் கரிப்புகையும் ஒன்றாகக் கலந்தால் எப்படி மணக்கும் என்பது, மலாயாவில் பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸில் வளர்ந்த என்னைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். நல்ல வாசனை என்று சொல்லமாட்டேன், ஆனால் அது மூக்கில் ஏறினால் வீட்டில் யாருக்கோ புதுச் சட்டை வரப்போகிறது என்று அர்த்தம், நானும் அண்ணாவும் இருப்புக்கொள்ளாமல் வாசலுக்கும் கூடத்துக்கும் ஓடிக்கொண்டிருப்போம். யாழ்ப்பாணத்தார் வீடுகளில் சிறுமிகள் போடும் கவுனுக்கும் "சட்டை" என்றே பெயர்.

அம்மா கைமெஷினில் சட்டை தைத்து, அதன்மேல் பூ "கீறுவார்". வரைவது என்ற சொல் எங்கள் வீட்டுக்குள் வந்ததில்லை. யாழ்ப்பாணத்து ஊரில் படித்த காலத்தில், மிஷன் பள்ளிக்கூடத்து மிசியம்மா ஒருவர் பழக்கிய வித்தை அது. டியூபிலிருந்து பிதுக்கிய சாயத்தை முதலில் ஒற்றுத்தாளில் தடவி வைக்கவேண்டும். தாள் எண்ணெயைக் குடித்துத் தீர்த்ததும், மிஞ்சிய சாயத்தில் சில சொட்டு டர்பன்டைன் விட்டு மெல்லிய தூரிகையால் தொட்டால், பூ துணியில் பிடித்துச் சீக்கிரம் காய்ந்துவிடும். தூரிகையில் கைவைக்கப் போனால், "எண்ணெயை எடுக்காமல் கீறினால் கிழமைக்கணக்கிலை காயாது, பிள்ளை, தள்ளி நில்" என்று விரட்டுவார்.

எனக்கு எட்டு வயதாக இருந்தபோது, ஒரு மழைக்காலத்தில், அம்மா நாலு சட்டைக்குத் துணி வெட்டினார். நாலும் எனக்கே என்றதும் எனக்குத் தலைகால் புரியவில்லை. போட்டுப் பார்த்தபோதுதான் அந்தச் சந்தோஷம் வடிந்தது. முதலாவது பொருந்தியது, அடுத்தது முழங்காலுக்குக் கீழே தொங்கியது, கடைசிச் சட்டைக்குள் நான் காணாமலே போனேன்.

"ஏனம்மா இவ்வளவு பெரிசு?"

"நீ வளருவாய்தானே. ஆடாமல் நில்."



சேதியைக் கொண்டுவந்தவன் அண்ணா. எங்கள் அப்பாவை "ஐயா" என்றுதான் கூப்பிடுவோம். ரயில்வே அலுவலகத்தில், எங்கள் பேச்சில் கந்தோரில், கிளாக்கர். ஊரிலிருந்த அவருடைய அக்காவுக்குப் பிள்ளைகள் இல்லை. வளர்த்துப் படிப்பிக்க ஒரு பெண்பிள்ளையை அனுப்பச் சொல்லி அந்த மாமி கேட்டிருந்தார், ஐயாவும் தலையாட்டிவிட்டார். மலாயாவில் உத்தியோகம் பார்த்த எங்கள் ஆட்கள் பிள்ளைகளை இப்படி ஊருக்கு அனுப்புவது அன்றைக்கு ஒரு பேச்சுக்குரிய விஷயமே இல்லை. கிள்ளான் துறைமுகத்திலிருந்து ஐயாவின் சிநேகிதர் ஒருவர் குடும்பத்தோடு கொழும்புக்குக் கப்பலேறுகிறார். அவர்களோடு நானும் போகவேண்டும்.

"நீ குடுத்து வைச்சனி. கப்பலிலை போகப் போறாய்" என்று அண்ணா பொருமினான். என்னைவிட இரண்டு வயது பெரியவன். தண்டவாள வேலியில் ஏறி நின்று, கண்ணில் பட்ட ரயிலிலெல்லாம் போகவேண்டும் என்று துடிப்பவன்.

எனக்குப் போக விருப்பமில்லை. அம்மாவின் சேலையைப் பிடித்தபடியே சுற்றிக்கொண்டிருந்தேன். அப்படிச் சுற்றியதால்தான் அதைக் கண்டேன். அம்மா ஒற்றுத்தாளைத் தொடவேயில்லை. சாயத்தைப் பிதுக்கி நேராகத் துணியில் வைத்தார். ஒவ்வொரு பூவையும் சுற்றி எண்ணெய் ஊறிப் பரந்தது. நான் வாய் திறக்கப் போனேன். அம்மா பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். அண்ணாவும் கண்டுவிட்டான், என்னவோ, அவனும் யாரிடமும் சொல்லவில்லை.

நாலு சட்டைகளும் கூடத்துக் கொடியில் தொங்கின. ஐயா கந்தோரிலிருந்து வந்ததும் தொப்பியைக்கூடக் கழற்றாமல் ஒரு பூவைத் தொட்டுப் பார்ப்பார்; விரலில் சிவப்பு ஒட்டும்.

"என்னப்பா, இன்னும் காயேல்லையே?"

"மழையெல்லே. நான் என்ன செய்யிறது?"

நாள்தோறும் இதே கதை. ஐயா கூடத்தில் மேலும் கீழும் நடந்தார், அம்மா அடுப்படிக்கும் கொடிக்கும் நடந்தார், நான் அம்மாவின் பின்னால் நடந்தேன். அந்த வீட்டில் இருந்த இடத்தில் இருந்தவை அண்ணாவின் பாடப்புத்தகங்கள் மட்டும்தான்.

கப்பலுக்கு முதல் நாள் ஐயா கத்தியே விட்டார். "ஈரத்தோடையே மடிச்சுப் பெட்டியிலை வை!"

"எல்லாம் ஒண்டோடை ஒண்டு ஒட்டிப் பழுதாப் போகும். பிறகு உங்கடை அக்காவுக்கு முன்னாலை பிள்ளையைப் பழஞ்சட்டையோடையே இறக்கப் போறியள்?"

அக்கா என்றால் ஐயாவுக்கு உள்ளூர நடுக்கம். அது தெரிந்துதான் அம்மா அடித்தார். ஐயா சட்டைகளை விட்டுவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்தார். நாங்கள் வென்றுவிட்டோம் என்று எனக்கு நெஞ்சு துள்ளியது.

"அப்ப பெரியவனை அனுப்புவம்" என்றார் ஐயா. "அக்காவுக்குப் பிள்ளை வருதெண்டு சொல்லியாச்சு. அவனுக்கென்ன, இருக்கிற காற்சட்டை காணும், புதுசு தேவையில்லை."

"நான் போறன் ஐயா!" அண்ணா துள்ளிக் குதித்தான்.

அம்மா அலமாரிப் பக்கம் திரும்பினார். என்ன சொல்லுவார்? அண்ணாவின் காக்கிக் காற்சட்டைகள் துவைத்து, காய்ந்து, மடித்தபடி அலமாரியில் இருந்தன. மறுநாள் துறைமுகத்தில் அவன் எங்களைத் திரும்பிப் பார்க்கவும் நேரமில்லாமல் கப்பலையே பார்த்துக்கொண்டு போனான். ஓரிரு வருடத்தில் விடுமுறைக்கு வருவான் என்று ஐயா சொன்னார். வருடங்கள் தள்ளிப்போயின, பிறகு உலக யுத்தம் வந்தது, கப்பல்கள் நின்றன.

இன்றைக்கு அந்தக் குவாட்டர்ஸ் இருந்த இடத்தில் அண்ணாந்து பார்த்தால் கழுத்து வலிக்கும் கட்டடங்கள். ரயில் புகை விடுவதில்லை. என் பேத்திகளின் உடுப்பெல்லாம் கடையில் தொங்குகிறது, அதில் பூவை மெஷின் அச்சடித்துவிடுகிறது. ஐயா இல்லை, அம்மா இல்லை, அண்ணாவும் ஊரிலேயே வாழ்ந்து கண்ணை மூடிவிட்டான். எனக்குப் பதிலாகத்தான் அவன் அன்றைக்குக் கப்பலேறினான் என்ற நினைப்பு மட்டும் என்னை ஓரிடத்தில் உட்கார விடுவதில்லை.

யுத்தம் முடிந்து அவன் ஒரு தடவை வந்திருந்தான். மீசை முளைத்த ஆண்பிள்ளை. ஊரில் வேலை, அங்கேயே பெண்ணும் பேசியாயிற்று. எங்கள் வீட்டுக்கு இரண்டு கிழமை விருந்தாளி. மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது, பகிடியாகத்தான் சொன்னான்: "என்ரை காற்சட்டையிலையும் ஒரு பூவைக் கீறியிருக்கலாமே, அம்மா."

ஐயா சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அம்மா அவனுடைய தட்டில் சோறு போட்டுக்கொண்டிருந்தார். "காணும், அம்மா, காணும்" என்று அவன் தட்டைக் கையால் மறைத்த பிறகும், அவன் விரல்களின்மேலேயே போட்டுக்கொண்டிருந்தார்.