ஈசானிய மூலைக் குழி

"அவ்வளவு ரோஷம் இருக்கறவ தனியா வீடு கட்டிக்கிட்டுப் போறது!" என்று என் ஓர்ப்படி சொன்னது, ஆட்டுரலில் யார் முதலில் மாவு அரைப்பது என்ற தகராறில். எனக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. என் வாயும் சும்மா இருக்கிற வாய் இல்லை. "கட்டத்தான் போறேன்க்கா. என் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கு அழைக்கத்தான் இனிமே இந்தப் படி ஏறுவேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் யோசித்தேன். என் வீட்டுக்காரர் பாண்டிச்சேரியில் வேலை பார்த்துக்கொண்டு மாதம் ஒருமுறை வருகிறவர். இரண்டு குழந்தைகளோடு வாடகைக்கு ஒரு கூடத்தில் குடியேறினேன். எனக்கென்று இருந்தது அப்பா என் பேரில் எழுதி வைத்த மனை ஒன்றுதான்.

வைகாசியில் பிளான் போட்டுக் கொம்யூன் ஆபீஸில் கொடுத்தேன். பிரெஞ்சுக்காரன் போய் எத்தனையோ வருஷம் ஆகியும் எங்கள் காரைக்கால் பக்கம் பஞ்சாயத்துக்குக் கொம்யூன் என்றுதான் பேர். ஆனி போயிற்று, ஆடியும் போயிற்று. கேட்கப் போகும்போதெல்லாம், "சாரை வரச் சொல்லுங்க டீச்சர்" என்பார்கள்.

"மனை என் பேர்ல, பிளான் என் பேர்ல. அவரு வந்து என்னங்க பண்ணப் போறாரு?"

அதற்கும், "சாரு வரட்டும் டீச்சர்" என்பார்கள்.

அதற்குள் ஆவணி வாஸ்து நாள் வந்துவிட்டது. எங்கள் கொத்தனார் வரிச்சிக்குடிக்காரர், அளந்து பேசுகிறவர். "இத விட்டா ஐப்பசிதாங்க. ஐப்பசியில இங்க குழி தோண்டுனா மீன் பிடிக்கலாம், வீடு கட்ட முடியாது" என்றார். வாஸ்தவம்தான். மழைக்கு முன்னால் கடைக்கால் எழும்பாவிட்டால் அந்த வருஷம் போச்சு. பர்மிஷன் வரும்போது வரட்டும், பூஜையை மட்டும் போட்டு வைப்போம் என்று முடிவு செய்தோம். எல்லோரும் செய்கிறதுதானே! ஈசானிய மூலையில் சின்னதாக ஒரு குழி. மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்த ஐந்து செங்கல். நவதானியம் போட்டுப் பால் ஊற்றித் தேங்காய் உடைத்தோம்.

அடுத்த வாரம் கொம்யூன் ஓவர்சியர் மனையைப் பார்க்க வந்தார். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். சிரிப்பு என்பது மட்டும் அவர் முகத்துக்கு ஒத்துவராது. டேப்பைக்கூடப் பிரிக்கவில்லை, நேரே குழியைப் பார்த்தார்.

"அனுமதி இல்லாம வேலைய ஆரம்பிச்சிட்டீங்களே!"

"வேலை இல்லீங்க சார், பூஜை."

"குழி தோண்டியாச்சு, கல்லு வச்சாச்சு. ரூல்ல இதுக்குப் பேரு வேலைதாங்க. கமிஷனரப் பாருங்க" என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

அன்று ராத்திரி எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓர்ப்படியின் காதுக்கு இது போனால் என்ன சொல்வாள் என்பது அவள் குரலிலேயே எனக்குக் கேட்டது. 'வாய் இருந்தா போதுமா?'

மறுநாள் லீவு போட்டுவிட்டுக் கொம்யூன் ஆபீஸுக்குப் போனேன். கமிஷனர் ஏதோ கூட்டத்தில் இருந்தார். பெஞ்சில் உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போயிற்று. தண்ணீர் குடிக்கலாம் என்று பின்பக்கம் அடிபம்புக்குப் போனவள், அங்கேயே நின்றுவிட்டேன். மதில் ஓரம், அதே ஈசானிய மூலை. ஒரு குழி, மஞ்சள் பூசிய ஐந்து செங்கல், பக்கத்தில் வாடிப்போன மாவிலைக் கொத்து.

பம்பு அடித்துக்கொண்டிருந்த பியூனிடம் கேட்டேன். "இது என்னங்கண்ணே?"

"ஆபீஸுக்குப் புதுக் கட்டடம் வருதுங்க டீச்சர். சாங்ஷன் இன்னும் பாண்டிச்சேரியிலேருந்து வரல. ஆவணி வாஸ்த விட்டா அப்பறம் மழையில்ல? அதான் பூஜைய மட்டும் போட்டாச்சு. கமிஷனரய்யாதான் தேங்கா ஒடைச்சாரு."

அடி ஆத்தாடி! தண்ணீர் குடித்தேனா இல்லையா, நினைவில்லை. நேரே கமிஷனர் அறைக்குப் போனேன். கூட்டம் முடிந்திருந்தது. ஓவர்சியரும் அங்கேதான் நின்றார்.

"அய்யா, ஒங்க புதுக் கட்டடத்துக்கு அனுமதி வந்துடுச்சுங்களா?"

"இன்னும் இல்லம்மா. ஏன்?"

"பின்னால வேலை ஆரம்பிச்சிட்டீங்க போலருக்கே!"

அவர் சிரித்தார். "அது வேலை இல்லம்மா, பூஜை."

"அதையேதாங்க நானும் ஒங்க ஓவர்சியர்கிட்ட சொன்னேன்."

கமிஷனர் ஓவர்சியரைப் பார்த்தார். ஓவர்சியர் தரையைப் பார்த்தார். பிறகு கமிஷனர் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தாரே ஒரு சிரிப்பு! "டீச்சரம்மா ஃபைல எடுத்துட்டு வாய்யா. இவங்கள நிறுத்துனா நம்ம கட்டடத்தையும்ல நிறுத்தணும்!" மனையைக் கையோடு அளந்து வரச் சொன்னார். சாயங்காலத்துக்குள் முத்திரை குத்திய பிளான் என் கையில்.

பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். திருநள்ளாறு போகிற கூட்டம் நெருக்கித் தள்ளியது, நான் அசையவில்லை. மச்சாண்டாரும் ஓர்ப்படியும் இருக்கிற வீட்டு நிறுத்தத்தில் வேண்டுமென்றே இறங்கினேன். ஓர்ப்படி வாசலில் நின்றாள்.

"என்னடி தெருவுல நிக்கிற? உள்ள வா."

"இப்ப இல்லக்கா. வைகாசியில வர்றேன்" என்று பிளானை உயர்த்திக் காட்டிவிட்டு நடந்தேன். திமிர்தான், ஒப்புக்கொள்கிறேன். அந்தத் திமிர் எனக்கு இனித்தது.

சொன்னபடி வைகாசியில், குங்குமச் சிமிழோடு அந்தப் படி ஏறி அழைத்தேன். கிரகப்பிரவேசத்துக்கு ஓவர்சியரும் வந்திருந்தார். "ஒங்க கட்டடம் எந்த மட்டுல இருக்கு சார்?" என்று கேட்டேன். "சாங்ஷன் இன்னும் வரலீங்க டீச்சர். அடிபம்புத் தண்ணி தேங்கிக் குழியில தவளை கத்துது" என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

ஓர்ப்படி என் அடுக்களையைச் சுற்றிப் பார்த்தாள். மூலையில் புது ஆட்டுரல் இருந்தது. அதை ஒரு தரம் தடவினாள்.

"கட்டிட்டியேடி" என்றாள்.

"கட்டிட்டேன்க்கா. உக்காருங்க, இன்னிக்கி மொத அரைப்பு நீங்கதான்."