ஒட்டகத்தின் கழுத்து மணி

பாலைவனத்துக்குப் போகலாம் என்று நான் சொன்னதும் என் வீட்டுக்காரர் சிரித்தார். "நம்ம ஊரு வெயிலு பத்தலியா? துட்டு குட்த்து வேற போயி காயணுமா?" என்றார். திருப்பதிச் சத்தம் தாங்கவில்லை, முதுகில் பையை மாட்டிக்கொண்டு நாலு நாள் சத்தமில்லாத இடத்தில் நடக்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். அது பாதிப் பொய். என் காது போய்விட்டதா, இல்லை ஊர் இரைச்சல்தான் காதை அடைக்கிறதா என்று எனக்குத் தெரிய வேண்டியிருந்தது. டாக்டரிடம் போனால் சீட்டில் எழுதிவிடுவார். அப்புறம் யாரிடமும் மறைக்க முடியாது.

ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிரே ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் வேலை செய்கிறேன். ஆட்டோ ஹாரன், மைக்கில் அறிவிப்பு, கும்பல் கும்பலாக வந்திறங்கும் கோவிந்தா கோஷம். அங்கே யார் பேசுவதும் யாருக்கும் சரியாகக் கேட்காது. அதனால் நான் மாட்டிக்கொள்ளவில்லை. தெலுங்கோ தமிழோ இந்தியோ, வாயைப் பார்த்தே புரிந்துகொள்வேன். நகரியில் எங்கள் நைனாவின் தறிக்கொட்டகையில் படிந்த பழக்கம் அது. எட்டு பவர்லூம் ஓடும்போது யார் தொண்டையைக் கிழித்துக்கொள்வது? அம்மா அந்தக் கோடியில் நின்று உதட்டை மட்டும் அசைத்து, "சோறு துன்னியா?" என்பாள். நான் இந்தக் கோடியிலிருந்து தலையாட்டுவேன். எல்லோரும் மாஸ்க் போட்ட காலத்தில்தான் எனக்கு முதல் அடி விழுந்தது. வருகிறவர்கள் எல்லாம் முணுமுணுக்கிறார்கள் என்று எரிந்து விழுந்தேன். மேனேஜர் தனியாகக் கூப்பிட்டுத் திட்டினார். அவரும் மாஸ்க் போட்டுக்கொண்டு திட்டியதால் அதிலும் பாதிதான் புரிந்தது.

நைனாவுக்கு ஐம்பது வயதிலேயே காது சுத்தமாகப் போயிற்று. "அவருகிட்ட யாரு கத்திக்கினு கீறது" என்று வீட்டில் எல்லோரும் அவரைத் தாண்டியே பேசினார்கள். என் கல்யாணத் தேதியைக்கூட அவருக்குக் கடைசியில்தான் சொன்னோம். சுவரோரம் உட்கார்ந்து ஒவ்வொருவர் முகமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். நானும்தான் அவரைத் தாண்டிப் பேசினேன். எனக்கும் அந்த இடம்தானா என்பதுதான் என் பயம்.

சென்னை போய், ரயில் மாறி மாறி ஜெய்சல்மர் சேர்ந்தோம். என் பையில் துணியைவிட கோங்குரா ஊறுகாய் பாட்டிலும் முறுக்கும்தான் கனம். வழிகாட்ட ஒரு ஒட்டகக்காரர், தண்ணீர் கேனும் கூடாரமும் சுமக்க அவருடைய ஒட்டகம். ஊர் கண்ணுக்கு மறைந்ததும் என் பரீட்சையைத் தொடங்கினேன். காலடிச் சத்தம் கேட்கவில்லை. மணலில் யார் நடந்தாலும் சத்தம் வராது என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன். காதுக்குள் 'கொய்ங்' என்று ஒன்று மட்டும் தறி மாதிரி விடாமல் ஓடியது. உட்கார்ந்தேன், எழுந்தேன், ஷூ நாடாவை அவிழ்த்துக் கட்டினேன், தாகமில்லாமல் தண்ணீர் குடித்தேன்.

"இன்னாமே, அமைதி வோணும்னு வந்துட்டு காலுல சக்கரம் கட்னாப்ல சுத்திக்கினு கீற?" என்றார் வீட்டுக்காரர். பிறகு ஒட்டகத்தைக் காட்டி, "அந்த மணி சத்தம் கேட்டுக்கினே நடந்தா கால் வலியே தெரியல," என்றார்.

எந்த மணி? பார்த்தேன். ஒட்டகத்தின் கழுத்தில் பித்தளை மணி ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து அதன் பக்கத்தில்தான் நடக்கிறேன். உள்ளே மணல் அடைத்திருக்கும் என்று நினைத்தேன். ஒட்டகத்தைத் தடவிக்கொடுப்பதுபோல் போய் மணியில் கை வைத்தேன். உள்ளங்கையில் கிணுகிணுவென்று அதிர்ந்தது. அட ஏடுகொண்டலவாடா, ஏழுமலையானே, முடிந்தது கதை!

மறுநாள் காலையில் மணற்காற்று கிளம்பியது. மூன்று பேரும் கண்ணை மட்டும் விட்டு முகத்தைத் துணியால் சுற்றிக்கொண்டோம். யார் வாயும் தெரியவில்லை. எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. யார்மேல் என்று தெரியாத ஒரு கோபம். விடுவிடுவென்று முன்னால் நடந்தேன். காற்று ஓய்ந்ததைக்கூடக் கவனிக்காமல் நடந்துகொண்டே இருந்தேன்.

யாரோ தோளைப் பிடித்து இழுத்தார்கள். திரும்பினால் வீட்டுக்காரர், மூச்சு வாங்கிக்கொண்டு. வாய்க்கு மேல் துணி மட்டும் அசைந்தது.

"வாயத் தொறந்து பேசுங்களேன்! இன்னாத்துக்கு முழுங்குறீங்க?" என்று சீறினேன்.

துணியைக் கீழே இழுத்தார். "கத்திக்கினேதான் ஓடியாறேன். டீக்கு அங்க நின்னுட்டோம், நீ பாட்டுக்குப் போய்க்கினே கீற. ஹோல்டான் ஹோல்டான்னு எத்தினி தபா கத்தறது? உனக்குக் கேக்கலியா?"

அவர் அரசு பஸ்ஸில் கண்டக்டர். கடைசி சீட்டில் தூங்குகிறவனையும் எழுப்புகிற குரல் அது. காற்று இரைச்சல் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் கழுத்தில் தொங்கிய துணி அசையாமல் இருந்தது. அவரும் என் முகத்தையே பார்த்தார். பிறகு, "எத்தினி நாளா?" என்றார்.

"எனக்குக் காது கேக்கலங்க! மூணு வருசமா கேக்கல!" என்றேன். தூரத்தில் மரத்தடியில் டீக்குச் சுள்ளி பற்றவைத்துக்கொண்டிருந்த ஒட்டகக்காரர் எழுந்து நின்று எங்களைப் பார்த்தார். அதை வைத்துத்தான் எவ்வளவு சத்தமாகக் கத்தியிருக்கிறேன் என்று தெரிந்தது. கத்தியாயிற்று, இனி என்ன. "நைனா மாதிரி என்னையும் ஓரமா உக்கார வெச்சிடாதீங்க," என்று அழுதேன்.

அவர் என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு மரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

டீ குடித்துக் கிளம்பியதும் காற்று மறுபடி பிடித்துக்கொண்டது. நானும் ஒட்டகக்காரரும் முகத்தைச் சுற்றிக்கொண்டோம். வீட்டுக்காரர் மட்டும் சுற்றவில்லை. எனக்கு முன்னால், முகத்தை என் பக்கம் திருப்பித் திருப்பி நடந்தார். டிப்போவில் இரண்டு டிரைவர்கள் போட்ட சண்டை, புத்தூர் ஸ்டாப்பில் ஏறிய அம்மா டிக்கெட்டைத் தொலைத்த கதை என்று ஒன்றுக்கும் உதவாத சமாசாரமெல்லாம் சொன்னார். நடுநடுவே ஒட்டகத்தைக் காட்டி, "மணி அடிக்குதுமே," என்றார். வாய் நிறைய மணல். துப்பித் துப்பிப் பேசிக்கொண்டே வந்தார்.