தூசி புகாத வண்டி

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். பல்கலைக்கழகம் போன முதல் ஆளும் நான்தான். அம்மா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். அப்பா அதற்கும் ஒரு வருடம் முன்னதாகவே நின்றுவிட்டார். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை, பெருமைதான். பன்னிரண்டு வயதிலிருந்து வீட்டுக்கு வந்த ஒவ்வொரு கடிதத்தையும் நானே வாசித்து, நானே பதில் எழுதினேன். ஆகவே அம்மாவின் நுரையீரலைப் பற்றி வைத்தியசாலையிலிருந்து வந்த கடிதத்தையும் நான்தான் முதலில் வாசித்தேன்.

நுரையீரலில் தழும்பு விழுந்திருக்கிறது, அது ஆறாது, இரவில் ஒட்சிசன் இயந்திரத்தோடு படுக்கவேண்டும் என்று எழுதியிருந்தார்கள். எவ்வளவு காலம் என்று எழுதவில்லை. அடுத்த சந்திப்பில் நான் கேட்டேன். வருடக்கணக்காகவும் இருக்கலாம், அவ்வளவு இல்லாமலும் போகலாம் என்றார் வைத்தியர். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அந்த வசனத்தின் முதல் பாதியை மட்டும் தமிழில் சொன்னேன்.

அம்மா துப்புரவு வேலை செய்தவர். சுவிஸில் நாங்கள் இருந்த ஓல்டன் நகரத்தில் காலையில் முதியோர் இல்லம், மாலையில் அலுவலகங்கள். எல்லாரையும் போல நாங்களும் விடுமுறைக்குப் போயிருக்கிறோம். ஆனால் அம்மா ஓய்வெடுத்ததில்லை. என் முதல் சம்பளத்தில் இருவரையும் தெற்கே ஏரிக்கரையில் ஒரு ஹோட்டலுக்குக் கூட்டிப் போனேன். காலை ஐந்து மணிக்குக் குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டு எழுந்து பார்த்தால், அம்மா குளிக்கும் இடத்துக் கண்ணாடித் தடுப்பைத் துவாயால் துடைத்துக்கொண்டிருந்தார். கட்டில் விரிப்புகள் கழற்றி மடிக்கப்பட்டுக் கதவோரம் இருந்தன.

"அம்மா, இதுக்கு ஆக்கள் இருக்கினம்."

"அதுதான் பிள்ளை. அந்த ஆளுக்கு ஒரு அறைக்குப் பதினைஞ்சு நிமிசம்தான் குடுத்திருப்பினம். எனக்குத் தெரியாதோ?"

கடிதம் வந்த பிறகு என் மனதில் ஒன்றே ஒன்றுதான் நின்றது. மூச்சு இருக்கும்போதே அம்மா சில காலைகளாவது வேலை நினைப்பில்லாமல் படுத்திருக்க வேண்டும். ஹோட்டலில் அது நடக்காது. வாடகை வீட்டிலும் நடக்காது. முகாம் தளம் என்றால் பொதுக் கழிப்பறை இருக்கும். அம்மா அங்கேயும் கூட்டுவதற்குத் தும்புத்தடியைத் தேடுவார். அந்த நாட்களில் சூக் நகரத்தில் என்னோடு வேலை செய்யும் ஒருவர், காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப்போய் உள்ளே படுத்துச் சமைக்கக்கூடிய கேம்பர் ட்ரெய்லர் ஒன்றின் படத்தைக் காட்டினார். காடு மேடெல்லாம் போகக்கூடிய விலை உயர்ந்த வகை. அதை வைத்திருப்பவர்கள் பாலைவனத்தைப் பற்றிக் கதைத்தார்கள். நான் வேறு இரண்டு விடயங்களைக் கவனித்தேன். அதன் பற்றரி, வெளி மின்சாரம் இல்லாமல் ஒரு ஒட்சிசன் இயந்திரத்தை இரவு முழுதும் ஓட்டும். அதன் கதவுகள் செம்மண் தூசி உள்ளே புகாதபடி றப்பர் வைத்து அடைக்கப்பட்டவை. பாலைவனத்துக்காகச் செய்த அந்த இரண்டும் அம்மாவின் நுரையீரலுக்காகவே செய்தவைபோல இருந்தன.

நான் பொறியியல் படித்தவள். அட்டவணை போட்டேன். மூன்று வண்டிகள், முப்பத்தொரு வரிகள். ஆஸ்திரேலியாவில் செய்தது எல்லாவற்றிலும் பாரம். சமையலறை பக்கவாட்டில் இழுப்பறை போல வெளியே வரும். கூரையை உயர்த்தினால் துணிச் சுவர்கள் எழும். தென்னாபிரிக்காவில் செய்தது எளிமையானது, இரும்புப் பெட்டிக்கு மேலே கூடாரம் வைத்தது. ஜெர்மனியில் செய்தது சிறியது, முட்டை ஓடு போல ஒரே வார்ப்பு, மூன்றிலும் விலை கூட. மற்ற இரண்டில் ஒன்றின் விலைக்கே நல்ல கார் ஒன்று வாங்கலாம்.

நேர்மையாகப் பார்த்தால் அந்த விலையில் பாதி வண்டியின் அடிவயிற்றுக்குப் போகிறது. சில்லுகள், வில்லுகள், தனித்தனியாக அசையும் அச்சுகள். இந்த நாட்டில் மாடு ஏறும் பாதைக்கும் தார் போட்டிருக்கிறார்கள். கண்ட இடத்தில் நிறுத்திப் படுக்கவும் விடமாட்டார்கள். எனக்கு வேண்டிய பற்றரியையும் அடைத்த கதவையும் தனியாக விற்பாரில்லை.

ஓல்டனில் லொறி ஓட்டும் அப்பாவிடம் பாரமான வண்டி இழுக்கும் லைசென்ஸ் இருந்தது. படங்களைப் பார்த்துவிட்டு அவர் கேட்டார்: "சில்லைப் பார், ஆமி வண்டி மாதிரி. நாங்கள் ஆரோட சண்டைக்குப் போறம்?"

ஊஸ்டர் நகரத்துக்கு வெளியே ஒரு விற்பனை முற்றத்தில் மூன்றும் நின்றன. மூன்று பேரும் போனோம். விற்பனையாளர் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டி, இந்த உயரத்துக்கு ஆறு ஓடினாலும் இது கடந்துவிடும் என்றார். நான் மொழிபெயர்த்தேன்.

"ஆத்தைக் கடந்து எங்க போறதாம்? கேள்," என்றார் அம்மா.

நான் கேட்கவில்லை. பற்றரியைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன். அதற்குள் அம்மா படிகளில் இரண்டு தடவை நின்று மூச்செடுத்து ஆஸ்திரேலிய வண்டிக்குள் ஏறிவிட்டார். கைப்பையிலிருந்து ஒரு கடதாசித் துவாலையை எடுத்து விரலில் சுற்றி, மெத்தைக்கு அடியிலும் துணியும் தகடும் சேரும் மடிப்பிலும் ஓட்டினார். விரலைப் பார்த்தார். மணந்தும் பார்த்தார்.

"இந்தத் துணி ஈரம் பிடிக்கும். நாலு மழைக்குப் பிறகு கறுப்புப் பூக்கும். பூத்தா எதைப் போட்டும் எடுக்கேலாது."

பூஞ்சணம். அம்மாவின் நுரையீரலுக்குக் கிட்டவே வரக்கூடாதது. என் முப்பத்தொரு வரிகளில் அதற்கு ஒரு வரி இல்லை. துணிச் சுவர் வைத்த இரண்டு வண்டிகளும் அந்த இடத்திலேயே பட்டியலிலிருந்து விழுந்தன. மூன்றாவதுக்குள் அம்மா வெகுநேரம் கையால் தடவிக்கொண்டு நின்றார்.

"இதிலை மூலையே இல்லை. ஆரோ துடைக்கிற ஆளைக் கேட்டுத்தான் செய்திருக்கிறாங்கள்."

அதைச் சொன்னபோது அவர் முகத்திலிருந்த மதிப்பை நான் என் பட்டமளிப்பு நாளில்கூடப் பார்த்ததில்லை. அது எனக்குக் கொஞ்சம் வலித்தது.

வாங்குமுன் மூன்று இரவுகள் வாடகைக்கு எடுத்துப் பார்க்கலாம் என்றார் விற்பனையாளர். படிவத்தில், மேலதிகக் காசு கட்டினால் அவர்களே துடைப்பார்கள் என்ற 'இறுதித் துப்புரவு' கட்டத்தில் நான் குறியிட்டேன். இந்தத் தடவை அம்மா ஒன்றையும் துடைக்கக்கூடாது என்ற பிடிவாதத்தோடுதான் குறியிட்டேன்.

வண்டியை எடுக்கப்போன அன்று, அதற்குள்ளிருந்து வாளியோடு ஒரு தமிழ்ப் பெண் இறங்கினார். அம்மாவைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்துவிட்டார்.

"அக்கா! நீங்களோ?"

"எடி, ஓல்டனை விட்டிட்டு நீ ஓடினது இஞ்சதானோ?"

முதியோர் இல்லத்தில் அம்மாவுக்குக் கீழே ஆறு வருடம் வேலை செய்தவர் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"பின்னை? உங்களோட நிண்டு ஆர் பேச்சு வாங்கிறது? கண்ணாடியிலை ஒரு தண்ணிக்கோடு கிடந்தாலும் திரும்பத் துடை எண்டுவியள்."

"துடைக்கத் தெரியாத ஆளுக்குச் சொல்லத்தானே வேணும்."

"இப்ப பாருங்கோ, மகள் வீட்டைக் காருக்குப் பின்னாலை கட்டி இழுக்கிறா. பெரிய மனுசி ஆகிட்டியள்." பிறகு என் பக்கம் திரும்பி, "திரும்பிக் கொண்டரேக்கை எல்லாம் கிடந்த மாதிரி விடுங்கோ, தங்கச்சி. நான்தான் துடைக்கிறது," என்றார்.

கார் ஓடத் தொடங்கிய பிறகு அம்மா கேட்டார்: "அவள் துடைக்கவோ நீ காசு குடுத்தனீ?"

"எல்லாரும் குடுக்கிறதுதானே அம்மா."

அம்மா திரும்பி, பின்னால் வரும் வண்டியைப் பார்த்தார்.

யூரா மலையில் ஒரு விவசாயி தன் புல்வெளியில் இடம் கொடுத்திருந்தார். தார் றோட்டிலிருந்து அந்த இடத்துக்குச் சரளைக் கல் பாதை. வண்டி அதில் தொட்டில் போல அசைந்து ஏறியது. "இந்தா, இவ்வளவு விலையும் இந்த இருநூறு மீற்றருக்குத்தான்," என்றார் அப்பா. அம்மா சிரித்தார், சிரிப்பு இருமலில் முடிந்தது.

முதல் காலை அம்மா வழமை போல நாலு மணிக்கே எழுந்து, போர்வையைச் சுற்றிக்கொண்டு வாசல் படியில் இருந்தாராம். இரண்டாம் காலை நான் எழுந்து வெளியே வந்தபோது ஏழு மணி. அம்மா எழும்பவில்லை. தேநீர் போட்டேன். எட்டாகியது. உள்ளே இயந்திரம் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சந்தோசம். செய்து காட்டிவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அப்பா கோப்பையைக் கையில் வைத்தபடி, குடிக்காமல், மூடிய கதவைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"எழுப்பிப் பாரன்."

"ஏன் அப்பா? படுக்கட்டும்."

"முப்பது வருசம் இவவோட இருக்கிறன். காய்ச்சலோடையும் நாலுக்கு எழும்பினவ. இது நித்திரை இல்லைப் பிள்ளை. களைப்பு."

வைத்தியரின் வசனத்தில் நான் மறைத்த பாதியை அவர் அந்தக் கதவைப் பார்த்தே அறிந்துவிட்டார். நான் தேநீரைப் புல்லில் ஊற்றினேன். ஒன்பதுக்குப் பிறகு அம்மா கதவைத் திறந்து, "ஏன் ரெண்டு பேரும் செத்த வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறியள்?" என்று கேட்டார்.

கடைசி நாள், நான் நினைத்தது போலவே, அம்மா துணியைக் கையில் எடுத்தார். தடுக்க என்னிடம் வார்த்தை இருந்தது. காசு கட்டியாகிவிட்டது, அந்த அக்காவின் வேலை அது. சொல்லவில்லை. தேவைப்படவுமில்லை. பாத்திரம் கழுவும் தொட்டியைத் துடைத்து முடிப்பதற்குள் அம்மா கதிரையில் உட்கார்ந்துவிட்டார். துணியை என்னிடம் நீட்டினார்.

"நீ செய்."

என் வாழ்க்கையில் அம்மா என்னிடம் துணி தந்தது அதுதான் முதல் தடவை. சிறுவயதில் நான் தும்புத்தடியைத் தொட்டாலே பறித்துவிட்டு, போய்ப் படி என்பவர்.

"மேலயிருந்து கீழ வா. கீழ துடைச்சிட்டு மேல போனா ஊத்தை திரும்ப விழும். இஞ்சினியருக்கு இது தெரியாதோ?"

"தெரியும் அம்மா."

"தெரிஞ்சா ஏன் வட்டம் போடுறாய்? கண்ணாடியோ தோசைக்கல்லோ?"

அப்பா வெளியே நின்று சிரித்தார். அம்மா இருபது நிமிடத்தில் முடிக்கும் வேலை எனக்கு இரண்டு மணித்தியாலம் எடுத்தது.

ஊஸ்டரில் அம்மாவும் அப்பாவும் காரிலேயே இருந்தார்கள். அந்த அக்கா வண்டிக்குள் ஏறி, தலையைச் சரித்து யன்னல் கண்ணாடியை ஒரு பக்கமாகப் பார்த்தார்.

"இது அக்கா துடைச்சதில்லை."

"நான்தான்."

"அக்கா பக்கத்திலை இருக்க நீங்களோ?" என்று சிரிக்கத் தொடங்கியவர் பாதியில் நிறுத்தினார். குரல் தாழ்ந்தது. "தங்கச்சி, அவவுக்கு அவ்வளவுக்கு ஏலாமப் போட்டுதோ?"

எந்தக் கடிதத்துக்கும் பதில் எழுதியவள் நான். தலையை மட்டும் ஆட்டினேன்.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு காரடிக்குப் போய்க் குனிந்து, "அக்கா, எனக்கு ஒரு வேலையும் மிச்சம் வைக்கேல்லை நீங்கள்," என்றார்.

"எடி விசரி, உனக்கு இன்னும் கண்ணாடி பாக்கத் தெரியாது. அந்தப் பக்கம் முழுக்கக் கோடு. போய்த் துடை."

இருவரும் சிரித்தார்கள். சிரித்து முடிந்த பிறகும் அந்த அக்கா அம்மாவின் கையை விடாமல் நின்றார்.

உள்ளே விற்பனையாளர் ஒப்பந்தத்தை விரித்து வைத்திருந்தார். புதிய வண்டி வர அடுத்த கோடையாகும் என்றார். வாடகை வண்டியை விற்கமாட்டார்களாம். என் அட்டவணையின்படி விடை தெளிவாக இருந்தது: இந்த விலை எங்களுக்குத் தகாது. எங்களுக்கு வேண்டிய காலத்தில் வராத வண்டிக்கு எந்த விலையும் தகாது. ஆனால் வாங்காமல் வெளியே போனால் ஏன் வாங்கவில்லை என்று அம்மா கேட்பார். அடுத்த கோடை என்பது தூரம் என்று நான் சொல்லவேண்டியிருக்கும்.

அம்மா மாசியில் போய்விட்டார். வண்டி ஆனியில் வந்தது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு அந்த மேசையில் இருந்தபோதே எனக்கு ஏறக்குறைய தெரிந்த விடயம்தான். இப்போது சிலர் என்னிடம், வாங்கலாமா, அந்த விலைக்குப் பெறுமதியா என்று கேட்கிறார்கள். அட்டவணையை அனுப்பிவிடுகிறேன். பூஞ்சணத்துக்கும் மூலைகளுக்கும் அதில் இப்போது வரிகள் இருக்கின்றன. அதற்கு மேல் நான் ஒன்றும் சொல்வதில்லை.

அன்று, வாங்குகிறோம் என்று நான் சொன்னதும், விற்பனையாளர் மெத்தை உறைக்கு நிறம் கேட்டார். கருஞ்சாம்பல் அழுக்குக் காட்டாது, பெரும்பாலானோர் அதைத்தான் எடுப்பார்கள் என்றார். நான் துணித் துண்டுகளை எடுத்துக்கொண்டு காருக்குப் போனேன். அம்மா ஒவ்வொன்றையும் விரலால் உரசிப் பார்த்தார்.

"அழுக்குத் தெரியாட்டி அழுக்கு இல்லையெண்டோ அர்த்தம்? தெரிஞ்சாத்தான் துடைக்கலாம். இதை எடு." பால் கலந்த தேநீரிலும் வெளிறிய நிறம்.

"இது உடனை ஊத்தையாகும் அம்மா."

"ஆகட்டும். வாற வருசத்துக்கிடையிலை நீ துடைக்கப் பழகியிடுவாய்."

அப்பா மற்றப் பக்க யன்னலால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். நான் உள்ளே போய், அந்த நிறத்துக்கு நேரே குறியிட்டு, கையெழுத்துப் போட்டேன்.