படுத்தபடியே போன அக்கா

போலீஸ் தேர்வு மைதானத்தில் எனக்கு டூட்டி. உயரம் அளக்கும் வரிசைக்குப் பக்கத்தில் ஒரு பெண் பெட்ஷீட் விரித்து நேராகப் படுத்திருந்தாள். "அசையாதடி," என்று சுற்றிலும் கேட்ட கன்னடத்துக்கு நடுவே அவள் அம்மா தமிழில் அதட்டினாள். எனக்குக் காரணம் தெரியும்.

நான் சின்னவளாக இருந்தபோது, ஸ்ரீராம்புரத்தில் எங்கள் வீட்டுக் கதவில் அப்பா பென்சிலால் அக்காவின் உயரத்தைக் குறிப்பார். தூங்கி எழுந்ததும் கோடு மேலே ஏறும். சாயங்காலம் அரை விரல் இறங்கிவிடும். அதனால் தேர்வு நாளில் அவளை நிற்கவே விடவில்லை. ஆட்டோவில் தலை அம்மா மடியில், கால் என் மடியில், தேங்காய் எண்ணெய் வாசனையோடு படுத்துக்கொண்டே வந்தாள். பாதம் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

"எந்த ஆஸ்பத்திரிண்ணா?" என்று டிரைவர் பதறினார்.

"ஆஸ்பத்திரி இல்லப்பா, போலீஸ் செலக்‌ஷன்," என்றார் அப்பா.

உயரத்தில் அக்கா தேறினாள். உடனே ஓடச் சொன்னார்கள். விடிந்ததிலிருந்து படுத்தே கிடந்தவளுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது, பாதியில் உட்கார்ந்துவிட்டாள்.

பல வருஷம் கழித்து என் முறை வந்தபோது, நான் பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன்.

"எழுந்து கொஞ்சம் நடம்மா. அளந்ததும் ஓடணும்," என்றேன் அந்தப் பெண்ணிடம்.

"உயரம் குறைஞ்சிடும் மேடம்."

"என் பக்கத்துல வந்து நில்லு."

தொப்பியைக் கழற்றினேன். அவள் எழுந்து நின்றாள். என்னைவிட ஒரு விரல் உயரமாக இருந்தாள்.